தட்டை டைல்கள், உருண்டை பூமி: இணைய வரைபடத்தைக் கூகுள் எர்த்தின் மேல் விரிப்பது

கூகுள் எர்த்தைத் திறந்தால் செயற்கைக்கோள் படம் கிடைக்கிறது. ஊர்ப் பெயர், சாலை, எல்லை என்று கூகுள் தன் பங்குக்குத் தரும் சில அடுக்குகளும் கிடைக்கின்றன. ஆனால் பூமியைப் பற்றி வரைந்து வைத்திருப்பவை அதைவிட எவ்வளவோ அதிகம். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலர்கள் வரைந்த சந்துபொந்துகள், ஓபன்சீமேப்பில் இருக்கும் கலங்கரை விளக்கங்களும் மிதவைகளும், ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஸ்கேன் செய்து வைத்திருக்கும், பிரிட்டனின் நில அளவை அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்கள் எல்லாம் வேறு வேறு சர்வர்களில் சின்னச் சின்னச் சதுரப் படங்களாக வெட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பிரவுசரில் தட்டையாக விரியும் வரைபடத்துக்காக வெட்டியவை அவை.

அதே சதுரங்களை உருண்டையான பூமியின் மேல், மலையின் மேடு பள்ளத்தோடு ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்க முடியும். அதற்கு ஒரு படத்தைக்கூட நகலெடுத்து வைக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. படங்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நடுவில் இரண்டு மூன்று கிலோபைட் அளவுள்ள உரைக்கோப்பு ஒன்று நின்று, உருண்டைக்கு இரண்டே செய்திகளைச் சொன்னால் போதும்: இந்தப் படத்தை எங்கே ஒட்டுவது, எப்போது கேட்டு வாங்குவது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. கேட்க எளிதாக இருந்தாலும் இரண்டிலுமே சறுக்கல் உண்டு.

டைலின் முகவரி

2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வந்தது. வரைபடத்தைச் சுட்டியால் பிடித்து இழுக்கலாம், பக்கம் மறுபடி லோட் ஆக வேண்டியதில்லை என்பது அன்றைக்குப் பெரிய புதுமை. அதைத் தொடர்ந்து நிலைபெற்ற உத்தி எளிமையானது. உலகம் முழுவதையும் 256 பிக்சல் அகலமும் 256 பிக்சல் உயரமும் கொண்ட ஒரே சதுரத்தில் வரைந்துவிடுவது; அது ஜூம் 0. அடுத்த நிலையில் அதே உலகத்தை நான்கு சதுரங்களில் வரைவது. அதற்கடுத்து 16, பிறகு 64. ஒவ்வொரு படியிலும் நான்கு மடங்கு. ஜூம் 18 வரும்போது சதுரங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 6,870 கோடி. பெரும்பகுதி கடல் என்பதால் யாரும் அத்தனையையும் வரைந்து வைப்பதில்லை. கேட்கும்போது வரைந்து, வரைந்ததைச் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சதுரம் ஒவ்வொன்றையும் டைல் என்கிறோம். ஒவ்வொரு டைலுக்கும் மூன்று எண்களாலான முகவரி உண்டு: ஜூம் நிலை, மேற்கிலிருந்து எத்தனையாவது பத்தி, வடக்கிலிருந்து எத்தனையாவது வரிசை. பத்தி, வரிசை இரண்டும் பூஜ்யத்தில் தொடங்கும். தஞ்சைப் பெரிய கோவிலை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ வடக்கு 10.783 பாகை, கிழக்கு 79.132 பாகையில் இருக்கிறது. ஜூம் 15இல் கோவில் விழும் டைலின் முகவரி 15, 23586, 15396. இந்த டைல் மேற்கே 79.1235 முதல் கிழக்கே 79.1345 வரை, தெற்கே 10.7794 முதல் வடக்கே 10.7902 வரை பரந்திருக்கிறது. தரையில் ஒரு பக்கம் சுமார் 1.2 கிலோமீட்டர். ஒரு பிக்சல் என்பது 4.7 மீட்டர்.

இந்த முகவரி முறையின் பலம் என்னவென்றால், தாய் டைலையும் சேய் டைல்களையும் தேட எந்த அட்டவணையும் வேண்டாம். பத்தி எண்ணையும் வரிசை எண்ணையும் இரண்டால் வகுத்து மீதியைத் தள்ளினால் தாய்: 14, 11793, 7698. இரண்டால் பெருக்கி, தேவைப்படும் இடத்தில் ஒன்றைக் கூட்டினால் நான்கு சேய்கள். பத்தி 47172, 47173. வரிசை 30792, 30793. பின்னால் வரப்போகும் உரைக்கோப்புகள் எல்லாம் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. கூகுளும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பும் வரிசைகளை வடக்கிலிருந்து எண்ணுகின்றன. டி.எம்.எஸ். என்ற பழைய முறை தெற்கிலிருந்து எண்ணுகிறது. ஜூம் 15இல் மொத்தம் 32768 வரிசைகள் என்பதால், பெரிய கோவிலின் 15396 அந்த முறையில் 17371 ஆகிவிடும். மாற்ற மறந்தால் பிழைச்செய்தி எதுவும் வராது. டைல் ஒழுங்காகவே வந்து சேரும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அதே தொலைவில் இருக்கும் இடத்தின் டைல் வரும். தஞ்சைக்கு அந்த இடம் இந்தியப் பெருங்கடலின் நடுப்பகுதி. ஊர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நீலச் சதுரம் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது வரிசை எண்ணைத்தான்.

நடுவில் நிற்கும் கோப்பு

கூகுள் எர்த் முதலில் கூகுளுடையது இல்லை. கீஹோல் என்ற நிறுவனத்தின் எர்த்வியூவர் மென்பொருளை 2004 அக்டோபரில் கூகுள் வாங்கியது. 2005 ஜூனில் அதுவே கூகுள் எர்த் என்ற பெயரில் வெளிவந்தது. நடுவில் நிற்கும் அந்த உரைக்கோப்பின் வடிவத்துக்குக் கே.எம்.எல். என்று பெயர்; அதன் முதல் எழுத்தில் கீஹோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2008 ஏப்ரலில் திறந்த புவியிடக் கூட்டமைப்பான ஓ.ஜி.சி. அதன் 2.2 பதிப்பைத் தன் தரநிலையாக ஏற்றது. ஒரு நிறுவனத்தின் சொந்தக் கோப்பு வடிவம் பொதுச் சொத்தானது அப்போதுதான். வேறு உருண்டை மென்பொருள்களும் அதைப் படிப்பதற்கு அந்த முடிவு உதவியது.

கே.எம்.எல்.லில் ஒரு படத்தைத் தரையில் விரிக்கக் கிரவுண்ட்ஓவர்லே என்ற உறுப்பு இருக்கிறது. படத்தின் இணைய முகவரியையும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எல்லைகளையும் கொடுத்தால் படம் அந்தச் செவ்வகத்தில் ஒட்டிக்கொள்ளும். தரையோடு ஒட்டச் சொன்னால் மலைச்சரிவில் ஏறி இறங்கும். 2005 ஆகஸ்டு இறுதியில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைத் தாக்கிய பிறகு, அமெரிக்க வளிமண்டல, கடல் ஆய்வு அமைப்பான நோவா எடுத்த வான்படங்கள் இப்படித்தான் கூகுள் எர்த்தில் ஏறின. ஊரைவிட்டு வெளியேறியவர்கள் தங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று தூரத்திலிருந்தே பார்க்க முடிந்தது.

ஒரு படத்துக்கு இது போதும். கோடிக்கணக்கான டைல்களுக்கு? அதற்குத்தான் 2006இல் வந்த 2.1 பதிப்பில் ரீஜன் என்ற உறுப்பு சேர்ந்தது. ரீஜன் என்பது தரையில் ஒரு செவ்வகம், அதோடு ஒரு நிபந்தனை: இந்தச் செவ்வகம் திரையில் இத்தனை பிக்சலுக்கு மேல் பெரிதாகத் தெரிந்தால் மட்டும் உள்ளிருப்பதைக் காட்டு. இதை, வேறொரு கே.எம்.எல். கோப்பைச் சுட்டி வரவழைக்கும் நெட்வொர்க்லிங்க் என்ற உறுப்போடு சேர்த்தால் அடுக்கடுக்கான ஏற்பாடு பிறக்கிறது. ஒவ்வொரு டைலுக்கும் ஒரு கே.எம்.எல். கோப்பு, அதில் அந்த டைலின் படத்தைக் குறிக்கும் ஒரு கிரவுண்ட்ஓவர்லே, நான்கு சேய் டைல்களின் கே.எம்.எல். கோப்புகளைக் குறிக்கும் நான்கு நெட்வொர்க்லிங்க். ஒவ்வொரு லிங்குக்கும் தனி ரீஜன். நாம் தரையை நெருங்க நெருங்க அந்தந்த ரீஜன் விழித்துக்கொள்ளும், அதன் கோப்பு வரும், அதிலிருந்து படமும் அடுத்த நான்கு லிங்குகளும் வரும். பார்க்காத பக்கம் எதுவும் வராது. இதற்கு சூப்பர் ஓவர்லே என்று பெயர்.

இந்தக் கோப்புகளை யார் எழுதுவது? சொந்தமாக வெட்டிய டைல்கள் என்றால், ஜிடால் என்ற திறமூலப் புவியிட மென்பொருள் தொகுப்பில் இருக்கும் ஜிடால்டூடைல்ஸ் என்ற நிரல் படங்களை வெட்டும்போதே கே.எம்.எல்.களையும் எழுதிவிடும். கிளோகன் பெட்ர் பிரிடல் 2007ஆம் ஆண்டின் கூகுள் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தில் உருவாக்கியது அது. ஆனால் டைல்கள் பிறருடைய சர்வரில் இருந்தால் கோடிக்கணக்கான உரைக்கோப்புகளை எழுதி அடுக்குவதில் அர்த்தமில்லை. கேட்கும்போது எழுதித் தரும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். மூன்று எண்கள் உள்ளே வரும். எல்லைகளைக் கணக்கிட்டு உரை வெளியே போகும். டேட்டாபேஸ் கிடையாது, சேமித்து வைக்க எதுவும் கிடையாது. அதே மூன்று எண்களுக்கு எப்போதும் அதே பதில் என்பதால் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பயனரின் கையில் இருப்பது ஒரே ஒரு லிங்க் கொண்ட ஒரு தொடக்கக் கோப்பு. அதை இரட்டைக் கிளிக் செய்தால் கூகுள் எர்த் திறந்து மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

எப்போது கேட்பது

ரீஜனின் நிபந்தனையில் இரண்டு எண்கள் இருக்கின்றன: குறைந்தபட்ச பிக்சல், அதிகபட்ச பிக்சல். இந்த இரண்டு எண்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஒருவர் இந்த வேலையைப் புரிந்துகொண்டு செய்கிறாரா, எங்கிருந்தோ வெட்டி ஒட்டுகிறாரா என்பது தெரியும்.

256 பிக்சல் டைல் ஒன்று திரையில் 256 பிக்சலாகத் தெரியும்போது கச்சிதமாக இருக்கும். அதைவிடப் பெரிதாகத் தெரிந்தால் மங்கத் தொடங்கும். தாய் 256ஐத் தொடும் அதே நொடியில் ஒவ்வொரு சேயின் இடமும் திரையில் 128 பிக்சல். ஆகவே சேயின் குறைந்தபட்சத்தை 128 என்று வைத்தால், தாய் மங்கத் தொடங்கும்போது சேய் வந்து நிற்கும். அங்கும் இங்கும் பார்க்கிற மாதிரிக் கோப்புகளில் 128 அடிக்கடி தலைகாட்டுவதற்கு இதுதான் காரணம். 256 என்று வைத்தால் தாய் 512 வரை ஊதிப்போன பிறகே சேய் வரும். எழுத்துகள் கலங்கிக் கிடக்கும். 64 என்று வைத்தால் படம் தேவைக்கு மேல் கூர்மை, ஊர்ப் பெயர்கள் படிக்க முடியாத அளவுக்குப் பொடி.

செலவையும் பார்க்க வேண்டும். 1920க்கு 1080 பிக்சல் திரையில் நேர் கீழாகப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 256 என்றால் திரையை நிரப்ப அதிகம் போனால் 30 சொச்சம் டைல்கள். 128 என்றால் 130ஐ நெருங்கும். 64 என்றால் 500ஐத் தாண்டும். எண்ணைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் கோரிக்கைகள் நான்கு மடங்காகின்றன. இதில் ஒவ்வொரு டைலுக்கும் ஒரு படம், ஒரு கே.எம்.எல். என்று இரண்டு கோரிக்கை. தாய், பாட்டி டைல்கள் வேறு. கேமராவைச் சாய்த்துத் தொடுவானத்தைப் பார்த்தால் அருகில் ஜூம் 16, தொலைவில் ஜூம் 9 என்று பல நிலைகள் ஒரே காட்சியில் கலந்து வரும். கே.எம்.எல். கோரிக்கைகளைக் குறைக்க நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு கோப்பில் ஒரு டைலை மட்டும் வைக்காமல், சேய்களையும் பேரன்களையும் அவரவர் ரீஜனோடு அதே கோப்பில் எழுதிவிடலாம். 1, 4, 16 என்று 21 டைல்கள் ஒரே கோப்பில் அடங்கும். உரை சற்றே பெரிதாகும்; போக்குவரத்து வெகுவாகக் குறையும்.

அதிகபட்ச எண்ணுக்குப் பெரும்பாலோர் -1, அதாவது எல்லையில்லை என்று போட்டுவிடுவார்கள். தாய் டைல் அடியில் எப்போதும் கிடக்கும். சேய் வரத் தாமதமானாலும் ஓட்டை தெரியாது. ஒளி ஊடுருவாத வரைபடத்துக்கு இது சரியான முடிவு. ஆனால் சாலைகளை மட்டும், ரயில் பாதைகளை மட்டும் காட்டும் ஒளி ஊடுருவும் டைல்களுக்கு இதே முடிவு தொல்லை. ஜூம் 14இன் சாலைக்கோடு அடியில் தடித்து மங்கலாகத் தெரியும், அதன் மேல் ஜூம் 15இன் கோடு ஓடும். ஊர்ப் பெயர் பேய் நிழல்போல் இரண்டு முறை தெரியும். அங்கே அதிகபட்சத்துக்கு ஓர் எல்லை வைத்தே ஆக வேண்டும். அந்த எல்லையைப் படத்துக்கு மட்டும் வைக்க வேண்டும், லிங்குக்கு வைக்கக் கூடாது. லிங்குக்கும் வைத்தால் ஒரு நிலைக்குக் கீழே இறங்கியதும் தாயோடு சேர்ந்து சந்ததியே மறைந்துவிடும். மங்கி மறையும் அளவு என்று கே.எம்.எல்.லில் தனி எண்களே உண்டு. அவற்றைக் கொடுத்தால் ஒரு நிலை சட்டென்று அணையாமல் மெல்லக் கரைந்து அடுத்தது எழும்.

எங்கே ஒட்டுவது

இணைய டைல்கள் வெப் மெர்கேட்டர் என்ற புரொஜெக்ஷனில், அதாவது உருண்டையைத் தட்டையாக்கும் முறையில், வரையப்பட்டவை. பூமத்திய ரேகையிலிருந்து விலக விலக இந்த முறையில் வடக்கு தெற்காக இழுவை கூடிக்கொண்டே போகும். தெருக்கள் செங்கோணத்தில் வெட்டிக்கொண்டால் வரைபடத்திலும் செங்கோணமாகவே தெரியும் என்ற நல்ல குணத்துக்காக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். உலகம் முழுச் சதுரத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக வடக்கிலும் தெற்கிலும் 85.0511 பாகையில் வெட்டிவிட்டார்கள். தட்டைத் திரையில் துருவத்தை யாரும் தேடுவதில்லை. உருண்டையில் விரித்தால் இரு துருவங்களிலும் வட்டமான வெற்றிடம் தெரியும்.

கிரவுண்ட்ஓவர்லேயோ வேறு கணக்கில் இயங்குகிறது. கொடுத்த படத்தின் உச்சியை வடக்கு எல்லையிலும் அடியை தெற்கு எல்லையிலும் பொருத்தி, நடுவில் இருப்பதைப் பாகைக்குப் பாகை சமமாகப் பரப்பிவிடும். படத்துக்குள் மேலே போகப் போக இழுவை கூடுகிறது என்பது அதற்குத் தெரியாது. தெரிவிக்க கே.எம்.எல்.லில் வழியும் இல்லை.

விளைவு என்ன? ஜூம் 1இன் வடக்கு டைல் 0 முதல் 85.05 பாகை வரை. அந்தப் படத்தின் சரி நடுவில் ஓடும் பிக்சல் வரிசை உண்மையில் வடக்கு 66.5 பாகை, அதாவது ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய இடம். கூகுள் எர்த் அதைக் கொண்டுபோய் 42.5 பாகையில் ஒட்டும். அது ரோம் நகரின் அட்சரேகைக்குப் பக்கம். 24 பாகைப் பிழை, சுமார் 2,670 கிலோமீட்டர். வட ஸ்வீடன் இத்தாலியின் மேல் வந்து படுக்கும்.

நல்லவேளை, ஒவ்வொரு ஜூமிலும் தரையில் பிழை கிட்டத்தட்ட நான்கில் ஒன்றாகிறது, பிக்சலில் பாதியாகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு தெளிவான எல்லை கிடைக்கிறது. 256 பிக்சல் டைலின் நடுவில் வரும் பிழை, ஏறத்தாழ 201ஐ அட்சரேகையின் சைன் மதிப்பால் பெருக்கி, இரண்டின் ஜூம் அடுக்கால் வகுத்தால் வரும் பிக்சல் எண்ணிக்கை. ஜூம் 8இலிருந்து உலகின் எந்த மூலையிலும் அது ஒரு பிக்சலுக்குக் கீழ். பெரிய கோவிலின் ஜூம் 15 டைலில் தரைக்கணக்கில் பிழை வெறும் 5 மில்லிமீட்டர் சொச்சம். அதற்குமேல் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஜூம் 8க்குக் கீழேதான் கவனம் தேவை. அங்கே பிழை தன்னை மறைத்துக்கொள்கிறது. டைல்களின் ஓரங்கள் எல்லாம் சரியான அட்சரேகையில் உட்காருவதால் டைலுக்கும் டைலுக்கும் நடுவே இடைவெளியோ தப்பிய கோடோ தெரியாது. நகர்ந்திருப்பது டைலின் வயிற்றுப்பகுதி மட்டும். ஒட்டு இடத்தைப் பார்த்துச் சரிபார்ப்பவர் ஏமாந்துபோவார். டைலின் நடுவில் ஓடும் கடற்கரையைச் செயற்கைக்கோள் படத்தின் கடற்கரையோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும். அதிலும் நம் பக்கத்து அட்சரேகையில் சோதித்தால் போதாது. ஜூம் 5இல் தஞ்சை அட்சரேகையில் பிழை ஒரு பிக்சலைச் சற்றுத் தாண்டும், கண்ணுக்குத் தெரியாது. அதே ஜூமில் எடின்பரோ அட்சரேகையில் 5 பிக்சலுக்கு மேல். தரையில் 14 கிலோமீட்டர். தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ உட்கார்ந்து எல்லாம் பொருந்துகிறது என்று வெளியிட்டுவிட்டு, ஸ்காட்லாந்திலிருந்து புகார் வந்தால் ஆச்சரியப்படக் கூடாது.

தீர்வுகள் உண்டு. படத்தையே சமப் பாகை முறைக்கு மாற்றி எழுதலாம். பிக்சல்களை மறுபடி பரப்பும்போது எழுத்துகள் சற்று மங்கும். டைலைக் கிடைவாட்டில் பட்டைகளாக வெட்டி ஒவ்வொன்றையும் அதனதன் எல்லையில் ஒட்டலாம். பிழை பட்டைகளின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும், நான்கு பட்டைக்குப் பதினாறில் ஒன்று. இரண்டிலும் படத்தைக் கையால் தொட வேண்டியிருக்கிறது. உரைக்கோப்பு மட்டும் போதும் என்ற எளிமை போய்விடுகிறது. ஜூம் 0 முதல் 7 வரை மொத்தம் 21,845 டைல்கள்தான் என்பதால், உலகம் முழுவதற்கும் சொந்தமாக வரைபடம் வரைபவருக்கு அது பெரிய சுமை இல்லை. மற்றவர்களுக்கு என் பரிந்துரை நேரானது: தாழ்ந்த ஜூம்களை விட்டுவிடுங்கள். உயரத்திலிருந்து பார்க்கும்போது கூகுள் எர்த்தின் சொந்தப் படம் தெரியட்டும், ஜூம் 6 அல்லது 7இலிருந்து மேலடுக்கு எழட்டும். ஒரு மாவட்டத்தின், ஒரு நாட்டின் வரைபடத்தை ஜூம் 3இல் யாரும் படிக்கப்போவதில்லை.

அடுக்குகளின் வரிசை

ஒரே ஒரு மேலடுக்கு என்றால், எது எதன் மேல் வர வேண்டும் என்று சொல்லும் வரைவு வரிசை எண்ணாக ஜூம் எண்ணையே கொடுக்கலாம். சேய் தாயின் மேல் வரும். இரண்டு மூன்று மேலடுக்குகள் என்றால் இது போதாது. அடிவரைபடத்தின் ஜூம் 17 டைல், அதன் மேல் இருக்க வேண்டிய ரயில் பாதையின் ஜூம் 12 டைலை மூடிவிடும். ஒவ்வொரு அடுக்குக்கும் 100, 200 என்று தனித் தளம் ஒதுக்கி, அதோடு ஜூமைக் கூட்டினால் சண்டை இல்லை. ஒளி ஊடுருவும் அளவை டைல் படத்தில் மாற்றத் தேவையில்லை, கிரவுண்ட்ஓவர்லேயின் நிறக் குறியீட்டிலேயே குறைக்கலாம். அந்தக் குறியீட்டில் முதல் இரண்டு இலக்கங்கள் ஒளி ஊடுருவாமை. பிறகு நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசை. இணையப் பக்க வடிவமைப்பில் பழகியவர்களின் கை இங்கே தவறிவிடும்.

தட்டைத் திரைக்காக எழுதிய எழுத்துகள் உருண்டையில் படும் பாட்டைத் தீர்க்க வழியில்லை. பெயர்கள் படத்தோடு படமாகப் பதிந்திருப்பதால், வடக்கைத் திருப்பினால் தலைகீழாகும், கேமராவைச் சாய்த்தால் நசுங்கும். நிழலிட்ட மலைகளும் அப்படித்தான். டைலில் ஏற்கெனவே வரைந்த நிழல் ஒன்று, உருண்டையின் நிஜ மேடு பள்ளம் ஒன்று என்று இரண்டும் மோதும். பெயரும் நிழலும் இல்லாத, கோடுகள் மட்டும் கொண்ட டைல்கள் கிடைத்தால் உருண்டைக்கு அவையே உகந்தவை.

சீசியம் போன்ற புதிய உருண்டைகளில் இந்தத் தலைவலிகளில் பாதி இல்லை. 2011இல் தொடங்கி 2012இல் திறமூலமாக வந்த சீசியம்ஜேஎஸ் பிரவுசருக்குள்ளேயே ஓடுகிறது. டைல் முகவரியின் வார்ப்புருவைக் கொடுத்தால் போதும், மெர்கேட்டர் படத்தைக் கிராபிக்ஸ் சிப்பிலேயே சமப் பாகை முறைக்கு மாற்றி ஒட்டிவிடும். எந்த நிலை எப்போது என்பதையும் அதுவே முடிவு செய்யும். கே.எம்.எல். ஆட்களோ வேறு. வயலில், கப்பலில், அலுவலகத்தில் ஏற்கெனவே கூகுள் எர்த் புரோவைத் திறந்து வைத்து வேலை பார்ப்பவர்கள் அவர்கள். 2015இலிருந்து அது இலவசம். அவர்களிடம் ஒரு கோப்பைக் கொடுத்துத் திறக்கச் சொல்வதுதான் எளிது.

யாருடைய சர்வர்

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் டைல் சர்வர்கள் நன்கொடையில் ஓடுகின்றன. யாரும் பார்க்கலாம் என்பதற்காக எவ்வளவும் இழுக்கலாம் என்று ஆகாது. மொத்தமாக இறக்கி வைப்பதை அவர்களின் விதிகள் தடுக்கின்றன; கேஷ் செய்யச் சொல்கின்றன; எந்த மென்பொருள் கேட்கிறது என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்கின்றன. மேலே பார்த்த 64, 128 கணக்கு இங்கேதான் உறைக்க வேண்டும். நாம் உரைக்கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால், அதைத் திறக்கும் ஒவ்வொருவரின் கணினியிலிருந்தும் தன்னார்வலர்களின் சர்வருக்குப் போகும் சுமை நான்கு மடங்காகும். நம் சர்வர் பதிவில் அது தெரியவே தெரியாது, ஏனென்றால் படங்கள் நம் வழியாகப் போவதில்லை. நிறையப் பேர் பயன்படுத்தப்போகிறார்கள் என்றால் கட்டணம் வாங்கும் டைல் சேவையையோ சொந்தச் சர்வரையோ நாடுவதுதான் நியாயம். பங்களிப்பாளர்களின் பெயரைச் சொல்வதும் கட்டாயம். கே.எம்.எல்.லில் ஸ்கிரீன்ஓவர்லே என்ற உறுப்பால் திரையின் மூலையில் அந்த வரியை நிரந்தரமாக நிறுத்தலாம். தொடக்கக் கோப்பிலேயே போட்டுவிட்டால் மறக்காது.

ஸ்கேன் செய்த பழைய நில அளவை வரைபடம் ஒன்று கையில் இருந்தால் இன்னும் சுலபம். ஒரு பாகைக்கு ஒரு பாகைப் பரப்பு, அதாவது ஏறத்தாழ 110 கிலோமீட்டர் சதுரம், நம் அட்சரேகையில் ஜூம் 16இல் சுமார் 34,000 டைல்கள் ஆகும். அதைவிடத் தாழ்ந்த ஜூம்கள் எல்லாம் சேர்ந்தாலும் 45,000. சாதாரண வெப் ஹோஸ்டிங்கில், எந்த ஸ்கிரிப்டும் ஓடாமல், வெறும் கோப்புகளாக வைக்கக்கூடிய அளவுதான். ஜிடால்டூடைல்ஸில் இரண்டு வழி திறந்திருக்கிறது. சமப் பாகை முறையில் வெட்டினால் உருண்டையில் பிழையே இருக்காது. ஆனால் போனில் பார்க்கிற வழக்கமான வரைபடங்களில் அந்த டைல்கள் ஒட்டாது. மெர்கேட்டரில் வெட்டி, கே.எம்.எல்.லையும் எழுது என்று கட்டாயப்படுத்தும் விருப்பத்தைச் சேர்த்தால் இரண்டு இடத்திலும் ஓடும். நான் மெர்கேட்டரில்தான் வெட்டுவேன். ஒரு மாவட்ட வரைபடத்துக்கு ஜூம் 8க்குக் கீழே வேலையே இல்லை, அதற்கு மேலே பிழை பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரே தொகுப்பை எர்த்தில் மேலடுக்காகவும், சீசியத்திலும், கைபேசி வரைபடத்திலும் கொடுத்துவிடலாம். வரிசைகளைத் தெற்கிலிருந்து எண்ணுவதுதான் அந்த நிரலின் பழைய வழக்கம் என்பதால், வடக்கிலிருந்து எண்ணும் விருப்பத்தையும் வெட்டும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த விருப்பம் ஜிடால் 3.1 பதிப்பிலிருந்து இருக்கிறது.